பாத்தேக் பட்டறைச் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி: நிறம் போனால் மட்டும் போதாது

பினாங்கில், தெலுக் பஹாங் பக்கம் துணியில் மெழுகால் கோடு போட்டுச் சாயம் தீட்டும் ஒரு சின்ன பாத்தேக் பட்டறையில் கழிவுநீர் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று கன மீட்டர் தண்ணீர், அதற்கு மேல் போகாது. பெரிய ஆலைக்கு இது ஒன்றுமே இல்லை, ஆனால் அந்த மூன்று கன மீட்டரும் ஒரே மத்தியானத்தில் லோங்காங்கில், அதாவது தெருவோர வடிகாலில், போனால் கீழே இருக்கிற ஓடை முழுக்க நீலமாகிவிடும், அதைக் கண்ணால் பார்த்தவன் நான். இந்தத் தீவில் ஓடைகளெல்லாம் குட்டையானவை. மலையிலிருந்து இறங்கின கொஞ்ச நேரத்தில் கடலுக்குப் போய்விடும், நடுவில் கரைந்து மறைய இடமே கிடையாது. அதனால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறவர்கள், சாயம் போடும் கூட்டுறவுக் குழுக்கள், பள்ளியில் சாயப் பயிற்சி நடத்துகிறவர்கள் எல்லாரும் செய்யக்கூடிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியட்டும். தண்ணீர் தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சாயக் கழிவில் அது பெரிய தப்பு. ஏன் என்று கீழே வரும்.

எந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது

கையால் வரையும் பாத்தேக்கில் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான், அதாவது நூலோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்ளும் சாயம். சாயம் தீட்டி, காய்ந்ததும் மேலே சோடியம் சிலிகேட் பூசி, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் அலசி, பிறகு சோடா ஆஷ் போட்ட கொதிநீரில் மெழுகை எடுப்போம். ஆக மூன்று விதமான தண்ணீர் வருகிறது. முதல் அலசல் தண்ணீர் அளவில் குறைவு, ஆனால் துணியில் பிடிக்காத சாயமும் சிலிகேட்டும் முக்கால்வாசி அதில்தான். பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 11, 12 என்று நிற்கும், கையில் பட்டால் வழவழப்பாக இருக்கும். இரண்டாவது, மெழுகு எடுத்த கொதிநீர். மூன்றாவது, கடைசி அலசல்கள்: அளவு அதிகம், சாயம் கொஞ்சம்தான்.

இந்த மூன்றையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டு மருந்து போட ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. நானும் செய்தேன். மூன்றும் கலந்த தொட்டியில் பி.எச்.சை இறக்கலாம் என்று ஆசிட் ஊற்றினேன், அரை மணி நேரத்தில் அடியில் இருந்தது இறுகத் தொடங்கியது. பட்டறையில் அலசல் வேலை பார்க்கும் தம்பி கம்பை விட்டுக் கிளறிவிட்டு, “அண்ணே, அகர் அகர் மாதிரி இருக்கு” என்றான். சரியாகத்தான் சொன்னான். சிலிகேட் செறிவாக இருக்கும்போது பி.எச்.சை இறக்கினால் சிலிக்கா கட்டியாகி ஜெல்லாக மாறும். பம்பு அடைத்து, குழாயைக் கழற்றி, வாளியில் அள்ளி வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது.

எனவே மூன்று தண்ணீருக்கும் மூன்று பாத்திரம். நீல நிற பிளாஸ்டிக் டிரம் போதும். கோப்பையில் மிஞ்சும் சாயம் முதல் டிரம்முக்குப் போகட்டும், கழுவும் தொட்டிக்குப் போகவே கூடாது. மிஞ்சின சாயத்தைத் துணியால் துடைத்து எடுத்தாலே பாதி வேலை மிச்சம் என்று தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் தண்ணீரில் கரைந்த பிறகு ஒரு கிராம் சாயத்தைத் திரும்ப எடுக்க ஆகும் செலவு அந்தச் சாயத்தின் விலையைவிட அதிகம்.

மெழுகுத் தண்ணீர் சுலபம். ஆறவிடுங்கள். பாரஃபின் மெழுகு 60 டிகிரிக்குக் கீழே வந்தால் கட்டியாகி மேலே மிதக்கும், அள்ளி எடுத்து உருக்கி மறுபடி பயன்படுத்தலாம், எந்தப் பட்டறையிலும் அதை வீணாக்குவதில்லை. ஆனால் மெழுகோடு ரோசின் பிசினும் சேர்ந்திருக்கும். சோடா ஆஷில் அது சோப்பாகி, மெழுகுத் துகளைத் தண்ணீரிலேயே பால் போல நிறுத்திவைக்கும். அந்தப் பால் நிறம் ஆறினாலும் போகாது, பி.எச். 6 பக்கம் இறக்கினால்தான் உடைந்து மேலே வரும். இந்தத் தண்ணீரில் சிலிகேட் குறைவாக இருப்பதால் ஆசிட் ஊற்றலாம், மெதுவாக, கலக்கிக்கொண்டே.

முதல் அலசல்: பி.எச்.சை இறக்காமலேயே திரிய வைப்பது

படிகாரம் போடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். படிகாரம் பி.எச். 6 முதல் 7 வரைதான் நன்றாக வேலை செய்யும், அதற்கு நம் முதல் அலசல் தண்ணீரை 12-லிருந்து இறக்க வேண்டும், இறக்கினால் அகர் அகர். இன்னொன்று, ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் முழுசாகக் கரைவது, அதற்குக் கூடவே சல்போனேட் வால் இருக்கிறது, அதனால் படிகாரத்துக்கு அவ்வளவு எளிதில் பிடிபடாது.

இதற்குப் பதிலாக மெக்னீசியம் குளோரைடு போடுங்கள். பி.எச். 10.5, 11-க்கு மேல் இருந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு பஞ்சு போலத் திரிந்து வரும், நேர்மின்னூட்டம் உள்ள அந்தப் பஞ்சு எதிர்மின்னூட்டம் உள்ள சாயத்தை ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும். நம் தண்ணீர் ஏற்கெனவே காரமாக இருப்பதால் தனியாகக் காரம் சேர்க்கும் செலவு இல்லை. சிலிகேட்டும் மெக்னீசியத்தோடு சேர்ந்து படிந்துவிடும், ஆகவே மருந்து கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். காரம் போதாத நாளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆயிற்று. சுண்ணாம்பும் சிலிகேட்டைப் பிடிக்கும்.

அளவை யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் இன்று சிவப்பு, நாளை கறுப்பு. ஜாடிச் சோதனைதான் ஒரே வழி. இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஆறு கண்ணாடி போத்தல், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் கழிவு. மெக்னீசியம் குளோரைடு 50 கிராமைக் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக்கிக்கொண்டால், அதில் 1 மில்லி என்பது அரை லிட்டர் போத்தலில் லிட்டருக்கு 100 மில்லிகிராம். முதல் போத்தலுக்கு 5 மில்லி, கடைசிக்கு 20 மில்லி, நடுவில் ஏறுமுகமாக. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு பதினைந்து நிமிடம் ரொம்ப மெதுவாக, கரண்டியால் பாயசம் கிண்டுவது போல. அந்த மெதுவான கலக்கல்தான் பஞ்சைப் பெரிதாக்கும், அவசரப்பட்டால் உடைந்துபோகும். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். இதற்கு மேல் போட்டாலும் தெளிவு கூடவில்லை என்ற இடம் எதுவோ அதுதான் அளவு. அந்த ஆறு போத்தலில் நாலாவதில் மட்டும் பளிச்சென்று கோடு விழுந்து, மேலே கண்ணாடி போலத் தண்ணீரும் கீழே இரண்டு விரல் உயரத்துக்கு நாவல்பழ நிறச் சேறும் நிற்பதை முதல்முறை பார்க்கும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும்.

மேல்தண்ணீரை எடுத்து, பி.எச்.சை 7, 8-க்கு இறக்குங்கள். இங்கே ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அல்லது கார்பன் டை ஆக்சைடு வாயு. கந்தக அமிலம் விலை குறைவுதான், இருந்தாலும் வேண்டாம். அடுத்து வரப்போகும் காற்றில்லாத் தொட்டியில் சல்பேட் எல்லாம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள், ஆனால் மூடிய தொட்டியில் அது ஆளைக் கொல்லும் வாயு, அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தொட்டிக்குள் யாரும், எந்தக் காரணத்துக்கும், தனியாக இறங்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடில் இன்னொரு நன்மை, தவறிப்போய் அதிகமானாலும் பி.எச். ஆசிட் ஊற்றினது போலப் பாதாளத்துக்குப் போகாது.

ஃபென்டன் முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அன்னபேதி என்று நாம் சொல்லும் ஃபெரஸ் சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பி.எச். 3-இல் சேரும்போது ஹைட்ராக்சில் என்ற மிகத் தீவிரமான துணுக்கு உண்டாகி, எதிரில் கிடைக்கும் கரிமப்பொருளை எல்லாம் உடைக்கும். 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கண்டது, இன்றும் நிறத்தை உடைக்க இதைப் போல வேகமானது குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சி.ஓ.டி. என்பது தண்ணீரில் உள்ள கரிமப்பொருளை வேதியியல் முறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, அதில் ஒரு கிராமை முழுசாக எரிக்க 2.1 கிராம் பெராக்சைடு வேண்டும். மொத்தத் தண்ணீருக்கும் செய்தால் பட்டறை தாங்காது. மெக்னீசியத்துக்கு மசியாத செறிவான சாயம் ஒரு டிரம் இருக்கிறதா, அதற்கு மட்டும் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போடாமல் பெராக்சைடு டிரம்மைத் தொடக்கூடாது. முடிந்ததும் சுண்ணாம்பு போட்டு 8-க்கு ஏற்றினால் இரும்பு துருநிறச் சேறாக இறங்கும். மிச்சப் பெராக்சைடு தீர ஓர் இரவு விடுங்கள், இல்லாவிட்டால் அது நுண்ணுயிரைக் கொல்லும், சி.ஓ.டி. சோதனையிலும் பொய்யான எண்ணைக் காட்டும்.

குளோராக்ஸ், அதாவது குளோரின் ப்ளீச், ஊற்றினால் நிறம் உடனே போகுமே என்பவர்களுக்கு: போகும். குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களாக மாறி அங்கேயே இருக்கும், அவற்றில் பல சாயத்தைவிட மோசமானவை. செய்யாதீர்கள்.

நுண்ணுயிர்த் தொட்டிகள்: காற்று இல்லாமல், அப்புறம் காற்றோடு

இப்போது மூன்று தண்ணீரையும் ஒரு சமன்தொட்டியில் சேர்க்கலாம். ஒரு நாள் தண்ணீர் முழுவதும் பிடிக்கிற அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் போய் நுண்ணுயிர் தடுமாறும்.

வரிசைதான் இங்கே எல்லாம். நாம் பயன்படுத்தும் சாயங்களில் பெரும்பகுதி ஆஸோ வகை, அதாவது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைக் கட்டாகக் கைகோத்திருக்கும் சாயம். நிறம் அந்தக் கட்டில்தான். காற்றூட்டிய தொட்டியில் அதை விட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியே வரும், ஏனென்றால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்கும்போது சாயத்தைத் தொட வேண்டிய தேவை இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அது எலக்ட்ரானைச் சாயத்தின் மீது தள்ளும், கட்டு அறுந்துவிடும், நிறம் போய்விடும்.

போனது நிறம் மட்டும்தான். அறுந்த இரண்டு துண்டுகளும் அரோமேட்டிக் அமீன்களாகத் தண்ணீரிலேயே நிற்கின்றன. நிறமற்றவை, கண்ணுக்குத் தெரியாதவை, அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. காற்றில்லாத் தொட்டியின் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று அங்கேயே நிறுத்தி வெளியே விட்டால், தெரிகிற மாசைத் தெரியாத மாசாக மாற்றிவிட்டோம், அவ்வளவுதான். அமீன்களை உடைக்கக் காற்றும், அதற்குப் பழகிய நுண்ணுயிரும் வேண்டும். எனவே முதலில் காற்றில்லாத் தொட்டி, பிறகு காற்றூட்டும் தொட்டி. மாற்றிப் போடக் கூடாது, ஒன்றை விட்டுவிடவும் கூடாது.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. காற்றில்லாத் தொட்டியிலிருந்து வரும் தெளிந்த தண்ணீரை ஒரு போத்தலில் பாதி மட்டும் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஜன்னலோரம் வையுங்கள். எங்கள் தண்ணீர் மறுநாள் காலையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்திருந்தது. சில அமீன்கள் காற்றுப் பட்டதும் தாமாகவே ஆக்சிஜனேற்றமாகி மறுபடி நிறம் பிடிக்கின்றன. காற்றூட்டும் தொட்டியைக் கடந்த தண்ணீரையும் இதே போல வையுங்கள், அது மாறாமல் இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் எல்லா அமீனும் இப்படிக் காட்டிக்கொடுக்காது, ஆகவே சி.ஓ.டி. சோதனையை விட்டுவிடாதீர்கள்.

எங்களிடம் காற்றில்லாத் தொட்டி நான்கு கன மீட்டர், தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் உள்ளே நிற்கும். உள்ளே தேங்காய் நார்க் கட்டுகளையும் பிளாஸ்டிக் வளையங்களையும் தொங்கவிட்டிருக்கிறோம், நுண்ணுயிர் ஒட்டி வளர. மூடியிலிருந்து வாயு போகும் குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். எலக்ட்ரான் கொடுக்க ஏதாவது உணவும் தேவை, சாயம் மட்டும் இருந்தால் பாக்டீரியா பட்டினி. கழிவுச் சர்க்கரைப் பாகு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சாதாரண சீனி, லிட்டருக்கு 300 முதல் 500 மில்லிகிராம். ஒரு கிராம் சீனி என்பது ஏறக்குறைய 1.1 கிராம் சி.ஓ.டி., ஆகவே இஷ்டத்துக்குக் கொட்டினால் அந்தப் பாரத்தையும் நீங்கள்தான் அடுத்த தொட்டியில் இறக்க வேண்டும்.

காற்றூட்டும் தொட்டி எங்களுக்கு ஒன்றுதான், அதிலேயே நிரப்புவது, காற்றூட்டுவது, காற்றை நிறுத்திப் படியவிடுவது, மேல்தண்ணீரை எடுப்பது எல்லாம் சுழற்சியாக நடக்கும். கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி./லிட்டர், பி.எச். 6.5 முதல் 8. வெப்பத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், நம் ஊர் வெயில் நுண்ணுயிருக்கு வரம், குளிர்நாட்டில் சூடேற்றிச் செய்யும் வேலை இங்கே சும்மா நடக்கிறது. ஒரு லிட்டர் அளவுக் கண்ணாடிக் குழாயில் தொட்டிக் கலவையை எடுத்து அரை மணி நேரம் விடுங்கள். சேறு 200 முதல் 300 மில்லிக்குள் படிந்து, மைலோ பானம் போன்ற பழுப்பு நிறத்தில் இருந்தால் ஆரோக்கியம். 600-க்கு மேல் பஞ்சு போல நின்றால் ஏதோ கோளாறு: ஆக்சிஜன் போதவில்லை, அல்லது சத்து இல்லை.

சத்து என்றால் நைட்ரஜனும் பாஸ்பரசும். பி.ஓ.டி. (கழிவைத் தின்ன நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது கணக்கு. நைட்ரஜனை நீங்கள் தனியாகப் போட வேண்டியிருக்காது, சாயம் கலக்கும்போதே யூரியா போடுகிறோமே, அது இங்கே வந்து சேர்ந்திருக்கும். பாஸ்பரஸ் வேண்டும். மூன்று கன மீட்டர், பி.ஓ.டி. லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால் மொத்தம் 1.2 கிலோ, அதற்கு 12 கிராம் பாஸ்பரஸ். பாலேக் பூலாவ் உரக்கடைகளில் டுரியான் மரத்துக்கு வாங்கும் டி.எஸ்.பி. (டிரிப்பிள் சூப்பர் பாஸ்பேட்) உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ், ஆக நாளொன்றுக்கு 60 கிராம். முந்தின நாளே வாளியில் ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள்.

தொடக்கத்துக்கு விதைச்சேறு, அதாவது நுண்ணுயிர் ஏற்கெனவே வளர்ந்திருக்கும் சேறு, வேண்டும். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் முறைப்படி கேட்டு வாங்கலாம். முதல் வாரம் சாயத்தண்ணீர் பத்தில் ஒரு பங்கு, மீதி சீனித் தண்ணீர், அப்புறம் வாரா வாரம் ஏற்றிக்கொண்டே போங்கள். ஆறு வாரம் பொறுமை வேண்டும். பாட்டிலில் விற்கும் மாய நுண்ணுயிர்த் தூள்களை நான் நம்புவதில்லை, தொட்டிக்குள் எது பிழைக்குமோ அது தானாக வளரும்.

டர்குவாய்ஸ் நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பாத்தேக்கில் கடல் வரைகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. அது ஆஸோ சாயமே இல்லை, தாமிரம் நடுவில் உட்கார்ந்திருக்கும் தாலோசயனின். காற்றில்லாத் தொட்டி அதை உடைக்காது, சேற்றில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் தப்பி வெளியேயும் போகும். அதை மெக்னீசியத்திலேயே பிடித்துவிடப் பாருங்கள், தப்பினதைக் கரி பிடிக்கட்டும். கடைசிக் கட்டமாக ஒரு டிரம்மில் தேங்காய்ச் சிரட்டைக் கரியோ செம்பனைக் கொட்டை ஓட்டுக் கரியோ போட்டு, அதன் வழியே தண்ணீரைவிடுங்கள். இந்த நாட்டில் செம்பனை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. முதல் கட்டங்கள் ஒழுங்காக நடந்தால் கரி மாதக்கணக்கில் வரும், நடக்காவிட்டால் ஒரே வாரத்தில் நிறைந்துவிடும்.

எண்களும் சேறும்

மலேசியாவின் 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் தரம் ஏ, தரம் பி என்று இரண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் இருந்தால் ஏ, மற்ற இடங்களுக்கு பி. நிறம் 100, 200 ஏ.டி.எம்.ஐ. அலகு, பி.ஓ.டி. 20, 50, தொங்கும் துகள் 50, 100, தாமிரம் 0.2, 1.0, ஜவுளித் துறைக்கு சி.ஓ.டி. 80, 250, நிறம் தவிர மற்றதெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். நாங்கள் சின்னவர்கள், எங்களை யார் கேட்கப் போகிறார்கள் என்று இருக்காமல் இந்த எண்களையே இலக்காக வையுங்கள். நொய்யல் ஆற்றில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது, அதற்குள் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பயிருக்கும் ஆகாமல் போய்விட்டது. அங்கேயும் சின்னச் சின்னப் பட்டறைகள் சேர்ந்துதான் அவ்வளவு பெரிய கேடு.

சேற்றைத் தோட்டத்தில் புதைக்காதீர்கள். சாயச் சேறு இங்கே எஸ்.டபிள்யூ. 416 என்ற குறியீட்டில் பட்டியலிடப்பட்ட கழிவு. துணிப் பையில் வடியவிட்டு, கூரைக்கடியில் உலர்த்தி, தேதி எழுதி ஒட்டின டிரம்மில் வையுங்கள், 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் போய்ச் சேர வேண்டும். உலர்த்தும் இடத்துக்குக் கூரை கட்டாயம். அக்டோபர், நவம்பர் மழையில் ஒரே இரவில் ஒரு மாதச் சேறு கரைந்து மறுபடி லோங்காங்குக்குப் போய்விடும்.

கடைசியாக ஒன்று, இது எந்தக் கையேட்டிலும் பெரிதாக இருக்காது. தீபாவளிக்கோ ஹரி ராயாவுக்கோ பட்டறையை ஒரு வாரம் மூடுவீர்கள். பூட்டிவிட்டுப் போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இருந்தால், காற்றூட்டும் பம்புக்குத் தனி இணைப்பு எடுத்து வையுங்கள். பம்பு ஒரு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓடும்படி டைமர் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது வந்து அரைக் கிலோ சீனியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனால் போதும், திரும்பி வரும்போது சேறு அதே மைலோ நிறத்தில் இருக்கும்.